தெரிந்தே விடப்படும் பிழைகள்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதில்லை. புது வண்டி எடுத்தவர், கடை திறக்கப்போகிறவர், பரீட்சைக்குக் கிளம்பிய பிள்ளை என்று எதைத் தொடங்கினாலும் முதல் தேங்காய் இங்கேதான். இதே ஊரில், கழக்கூட்டத்தில், 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது. அங்கே மென்பொருள் எழுதுகிறவர்களும் ரிலீஸுக்கு முன்னால் விக்கினம் தீர்க்கிறவரை வேண்டிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. என்னென்ன விக்கினங்கள் பாக்கி இருக்கின்றன என்ற பட்டியல், ரிலீஸ் அன்று காலை அவர்கள் கையிலேயே இருக்கும்.

பெரிய மென்பொருள் எதை எடுத்தாலும், அதன் வெளியீட்டுக் குறிப்பில் 'அறியப்பட்ட சிக்கல்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். இன்ன இடத்தில் இன்னது சரியாக வேலை செய்யாது, இப்போதைக்கு இப்படிச் சமாளியுங்கள் என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். முதன்முறை படிப்பவருக்குக் கோபம்தான் வரும். தெரிந்திருந்தும் ஏன் சரிசெய்யவில்லை? சோம்பலும் லாப அவசரமும் சில இடங்களில் உண்மையிலேயே காரணங்கள்தான். ஆனால் காசு வாங்காமல் வேலை செய்யும் தன்னார்வலர்களும், கணினி உலகம் கையெடுத்துக் கும்பிடும் மேதைகளும் இதையே செய்கிறார்கள். ஆகவே காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

பட்டியலில் என்ன இருக்கும்?

கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்காக ஒரு பஸ் டிக்கெட் செயலி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை மறுநாள் ரிலீஸ். சோதனைக்குழு மூன்று பிழைகளைக் கொண்டுவந்து வைக்கிறது.

ஒன்று: பணம் கட்டியபின் 'பின்செல்' பொத்தானை அழுத்தி மறுபடி உள்ளே வந்தால், இரண்டாவது முறையும் பணம் பிடிக்கப்படுகிறது. இரண்டு: பயணியின் பெயர் மிக நீளமாக இருந்தால் அச்சிட்ட டிக்கெட்டில் கடைசி எழுத்துகள் வெட்டுப்படுகின்றன. மூன்று: ஒரு பழைய வகை போனில் மட்டும் தமிழில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிகின்றன.

இந்தப் பட்டியலைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் நடக்கும். ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது ஒன்று. எவ்வளவு சீக்கிரம் சரிசெய்தாக வேண்டும் என்பது இன்னொன்று. முதல் பிழை இருக்கும்வரை ரிலீஸ் கிடையாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவதை அடுத்த பதிப்புக்குத் தள்ளுவார்கள், ஏனென்றால் நடத்துனர் பார்ப்பது டிக்கெட் எண்ணைத்தான். மூன்றாவது தங்கள் நிரலில் இல்லை, அந்த போனின் எழுத்துருவில் இருக்கிறது. எனவே குறிப்பில் எழுதிவிட்டு அந்த போன் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். இப்படியாக, இரண்டு பிழைகள் தெரிந்தே வெளியே போகின்றன.

இந்தக் கூட்டம் நேர்மையாக நடக்கிறதா என்று சோதிக்க மூன்று கேள்விகள் போதும். பிழையின் பாரம் யார் தலையில் விழும்? அது அவருக்குத் தெரியுமா? தெரிந்தால், தப்பிக்க அவர் கையில் வழி இருக்கிறதா? இந்தக் கட்டுரை முழுக்க இந்த மூன்றும் கூடவே வரும்.

திருத்தமே ஆபத்தாகும்போது

'சின்னப் பிழைதானே, திருத்திவிட்டே வெளியிடலாமே' என்பது நியாயமான கேள்விதான். மென்பொருளில் ஒரு வரியை மாற்றுவது ஓட்டு வீட்டுக் கூரையில் ஒழுகல் அடைக்க ஏறுவது மாதிரி. ஏறினவர் கால் பட்டு எந்த ஓடு உடைந்தது என்பது அடுத்த மழையில்தான் தெரியும்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். ஒரு பிழையைத் திருத்தும்போது புதிதாக இன்னொன்று நுழைவதற்கு 20 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கிறது என்பது அவர் அனுபவம். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஏற்கெனவே சோதித்ததையெல்லாம் மறுபடி சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையும் முழுமையாக நடக்க வழியில்லை. ஒரு செயலியில் 'ஆம், இல்லை' என்று மாற்றக்கூடிய அமைப்புகள் 20 இருந்தால், அவை சேரும் விதங்கள் மட்டும் 10,48,576. அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க எந்தக் குழுவாலும் முடியாது.

ஆகவே வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் நிரலை 'உறைய' வைத்துவிடுவார்கள். அதன்பின் பெரிய கெடுதல் செய்யும் பிழைகளுக்கு மட்டுமே கை வைக்க அனுமதி. அந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்படும் சிறு பிழை, திருத்தினால் பெரிதாகலாம் என்பதாலேயே அப்படியே விடப்படும். இன்ன இடத்தில் இன்னது நடக்கும் என்று தெரிந்த பிழைக்கு மாற்று வழி எழுதிக் கொடுக்கலாம். தெரியாத பிழைக்கு அது முடியாது.

பள்ளி திறக்கும் தேதி

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் இதற்கு நல்ல உதாரணம். கட்டற்ற மென்பொருளுக்கு இந்த ஊரோடு பழைய உறவு உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில்தான். பூஜப்புரையில் தலைமையகம் உள்ள கைட் என்ற அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரித்துத் தருகிறது. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளை திறக்கும் திரைக்குப் பின்னால் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் எல்லாப் பிழையும் தீர்ந்தபிறகுதான் தருவோம் என்றால் எந்த ஜூன் மாதத்திலும் கணினி வகுப்பு தொடங்காது.

இந்த அடுக்கில் அடியில் இருக்கும் டெபியனின் முறை தெளிவானது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தரம் உண்டு. மேல்மட்ட மூன்று தரங்களில் வரும் பிழைகள் வெளியீட்டைத் தடுக்கும், மற்றவை தடுக்காது. அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. தடுக்க வேண்டிய பிழைதான், ஆனாலும் இந்த முறை இதற்காக நிற்க வேண்டாம் என்று வெளியீட்டு மேலாளர்கள் முடிவு செய்தால், அந்தப் பிழையின் மேல் 'இந்த வெளியீட்டுக்குப் புறக்கணி' என்ற பொருளில் ஒரு முத்திரை குத்துவார்கள். அந்தரங்கமாக அல்ல, பிழையின் பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி. சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்பது டெபியனின் சமூக ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வாக்குறுதி.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை டெபியன் பட்டே தெரிந்துகொண்டது. 2002 ஜூலையில் 3.0 பதிப்பு வந்தபின் அடுத்த பதிப்பு வர 2005 ஜூன் ஆகிவிட்டது. அந்த மூன்று ஆண்டும் பழைய பதிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிய கணினிகளில் அதை நிறுவுவதே பாடாகிப்போனது. பிழைக்குப் பயந்து நிறுத்திவைத்த மென்பொருளும் ஒருவிதத்தில் வேலை செய்யாத மென்பொருள்தான்.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் நடக்கிறது. உபுண்டு 22.04 வந்தது 2022 ஏப்ரல் 21 அன்று. திருத்தங்களைச் சேர்த்த 22.04.1 பதிப்பு ஆகஸ்ட் 4 அன்று வருவதாக இருந்தது. கணினி விற்பவர்கள் முன்கூட்டியே நிறுவித் தரும் முறையில் நிறுவினால் ஸ்னாப் வகைச் செயலிகள் திறக்கவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. ஒரு வாரம் தள்ளி ஆகஸ்ட் 11 அன்று வெளியிட்டார்கள். புது மடிக்கணினியைத் திறந்தவுடன் அந்தச் செயலிகள் ஓடாது என்பது, பெயரின் கடைசி எழுத்து வெட்டுப்படுவது போன்றதல்ல.

இல்லாத நாளைக் காட்டும் எக்செல்

திருத்தவே கூடாத பிழைகளும் உண்டு. உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடியுங்கள். அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகில் வந்ததே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 அப்படி வகுபடாது.

இது மைக்ரோசாஃப்டுக்குத் தெரியும். தெரியும் என்று அவர்களே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். எக்செல்லுக்கு முன்னால் கணக்குத்தாள் உலகை ஆண்டது 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3. அதில் 1900 லீப் ஆண்டாகக் கொள்ளப்பட்டிருந்தது. லோட்டஸில் கணக்கு வைத்திருந்தவர்கள் அப்படியே எக்செல்லுக்கு மாற வேண்டுமானால், அவர்கள் தேதிகள் பிசகக் கூடாது. எனவே லோட்டஸின் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இன்று அதைத் திருத்தினால், உலகத்தில் உள்ள பழைய கோப்புகளில் கிட்டத்தட்ட எல்லாத் தேதிகளும் ஒரு நாள் பிசகும். விட்டுவைப்பதால் வரும் நட்டம், 1900 மார்ச் 1க்கு முந்தைய நாட்களின் கிழமை தப்பாக வருவது மட்டுமே. அந்த இரண்டு மாதங்களின் கிழமையை எக்செல்லில் தேடுகிறவர் எத்தனை பேர்?

கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. அதிலும் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 28 என்று வரும். எண்ணிக்கையை 1899 டிசம்பர் 30இலிருந்து தொடங்கி, மார்ச் 1 முதல் எக்செல்லோடு ஒத்துப்போகும்படி செய்துவிட்டார்கள். பிழையை ஏற்காதவர்களும் அதற்கு இடம் விட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்து அச்சுக்கலையும் டெக்கும்

இதே சிக்கலை இன்னும் நெருக்கமாக அறிந்தவர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். அறிவியல் ஆய்விதழ்களைப் பக்கம் அமைத்துத் தரும் தொழில் இந்த ஊரில் வேரூன்றியது. அதற்கான கருவி டெக், அதன் மேல் கட்டப்பட்ட லேடெக். உலகெங்கும் ஆய்வாளர்கள் எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை எழுதப் பயன்படுத்தும் லேடெக் வார்ப்பே இங்கே எழுதப்பட்டதுதான். டெக் பயனர்களின் உலக மாநாடு 2002 செப்டம்பரிலும் 2011 அக்டோபரிலும் இந்த நகரில் நடந்தது.

லேடெக்கில் நெடுங்காலம் ஒரு பிழை இருந்தது. இரண்டு பத்தியாக அமைந்த பக்கத்தில், இரு பத்திகளையும் நிறைக்கும் அகலமான படம் ஒன்றும், ஒரு பத்திக்குள் அடங்கும் சிறிய படம் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால், சிலசமயம் படம் 2 முன்னாலும் படம் 1 பின்னாலும் போய் உட்கார்ந்துவிடும். ஆய்விதழ்களில் பல இரண்டு பத்தி அமைப்பு என்பதால், இது யாருக்கும் தெரியாத மூலையில் கிடந்த பிழை அல்ல. திருத்தமும் கையில் இருந்தது. ஆனால் லேடெக் குழு அதை மையநிரலில் சேர்க்கவில்லை. விரும்புகிறவர்கள் மட்டும் அழைத்துக்கொள்ளும் ஒரு தனித் தொகுப்பாக வைத்தது. காரணம் எளிது. பத்து ஆண்டுக்கு முன் எழுதிய கோப்பை இன்று ஓட்டினாலும் அதே பக்கம், அதே வரி வர வேண்டும் என்பது லேடெக் பயனர்களுக்குக் கொடுத்த உறுதி. திருத்தத்தைத் திணித்தால் பழைய புத்தகங்களின் பக்கங்கள் நகர்ந்துவிடும். பொருளடக்கமும் மேற்கோளும் தப்பாகிவிடும்.

2015இல்தான் இந்த நிலை மாறியது. திருத்தங்கள் மையநிரலுக்குள் வந்தன. கூடவே, 'இந்தக் கோப்பை இன்ன தேதியில் இருந்த லேடெக் போலவே நடத்து' என்று கட்டளையிடும் வசதியும் வந்தது. பழைய பிழை வேண்டும் என்பவருக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் கொடுத்த பிறகே திருத்தினார்கள்.

டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத் இன்னும் ஒரு படி மேலே போனார். பிழை கண்டுபிடிப்பவருக்குக் காசோலை எழுதித் தருவது அவர் வழக்கம். டெக்கில் பிழை பிடித்தால் முதலில் 2.56 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. வரும் பிழைப் புகார்களை உடனுக்குடன் பார்க்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்துப் பார்க்கிறார். 2014இலும் 2021இலும் அப்படிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் டெக்கின் பதிப்பு எண்ணில் 'பை' (π) என்ற எண்ணின் அடுத்த இலக்கம் சேரும், இப்போது 3.141592653. தன் காலத்துக்குப் பின் பதிப்பு எண் பையாகவே ஆகிவிட வேண்டும், அதன்பின் எஞ்சியிருக்கும் பிழைகளை யாரும் தொடக் கூடாது, அவை டெக்கின் இயல்புகளாகவே கருதப்பட வேண்டும் என்று அறிவித்திருக்கிறார். இது அலட்சியத்தில் பிறந்த முடிவல்ல. மாறாமல் இருப்பதே ஒரு கருவியின் பெரிய பலம் என்று எண்ணியவரின் முடிவு.

எந்த இடத்தில் குற்றமாகிறது?

இதுவரை பார்த்த பிழைகள் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. எல்லாமே அப்படியல்ல.

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படை முகாம் ஒன்றின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு அதைக் குறிவைக்கவே இல்லை. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற பின்னம் இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும்; 24 பிட்டோடு வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு துளி குறைந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபின் அந்தத் துளிகள் சேர்ந்து ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஸ்கட் அந்த நேரத்துக்குள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறந்துவிடும்.

இந்தக் கோளாறு முன்னமே தெரியும். நீண்ட நேரம் ஓடினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேல் இரண்டு வாரங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. திருத்திய மென்பொருள் பிப்ரவரி 16 அன்றே தயார். 21ஆம் தேதி எச்சரிக்கையும் போனது. 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் சிக்கல் என்றது அது. எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. இயந்திரத்தை அணைத்துப் போட்டாலே கடிகாரம் சரியாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி, மறுநாள். பிழையின் பாரம் முகாமில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. தப்பிக்கும் வழி ஒரு எண்ணாக அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இதோடு ஒப்பிட போயிங் 787 விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்தாமல் 248 நாட்கள் ஓடினால் அதன் மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்று 2015இல் தெரியவந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உடனே உத்தரவு போட்டது: திருத்தம் வரும்வரை, குறித்த கால இடைவெளியில் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். எத்தனை நாள், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தன. பிழையோடும் பத்திரமாகப் பறக்க அதுவே போதும்.

மூன்றாவது வகைதான் மோசம்: பிழையை எழுதி வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவரிடம் மறைப்பது. பிரிட்டன் தபால் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளில் புகுத்தியது. பல கிளைகளில் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. கிளையை நடத்தியவர்கள், அவர்களில் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரும் நிறைய, திருட்டுப் பட்டம் சூட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். ஹொரைசனைத் தயாரித்த ஃபுஜிட்ஸுவிடம் 'அறியப்பட்ட பிழைப் பதிவேடு' என்ற பெயரிலேயே ஒரு ஆவணம் இருந்தது. அது நீதிமன்றத்துக்கு வருவதைத் தபால் துறை எதிர்த்தது. 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். சிறைக்குப் போனவர்களும், வீடு விற்றவர்களும், நியாயம் கிடைக்குமுன்பே இறந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

டெபியனின் பட்டியலும் ஃபுஜிட்ஸுவின் பதிவேடும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்: எண், அறிகுறி, மாற்று வழி. ஒன்று தெருவில் திறந்து வைக்கப்பட்டது. மற்றது பூட்டி வைக்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவுதான்.

வாங்குகிறவர் செய்யக்கூடியது

போனிலோ கணினியிலோ பெரிய மேம்படுத்தல் வந்தால், அவசரம் இல்லாதவரை முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம். உபுண்டுவே, முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்குப் புதியதற்கு மாறச் சொல்லி அழைப்பு அனுப்புவது '.1' வந்தபிறகுதான். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்தப் பொறுமை கூடாது. அவற்றை உடனே போட்டுவிட வேண்டும்.

பிழை கண்டால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்ற நான்கையும் எழுதினால் அந்தக் கூட்டத்தில் உங்கள் பிழைக்கு மதிப்பெண் கூடும்.

அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கடைக்கோ மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருந்தால், விலை கேட்பதற்கு முன் அறியப்பட்ட சிக்கல்களின் பட்டியலைக் கேளுங்கள். அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்வது உங்களுக்கு எப்படித் தெரிவிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கணக்கில் ஒரு தொகை பிசகினால், ஊழியரைச் சந்தேகிக்குமுன் மென்பொருளைச் சந்தேகிக்க ஒரு வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். தேடிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் மென்பொருளில் பிழையே கிடையாது என்று சொல்பவர் வந்தால், காப்பி கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.